நண்பர்களின் துக்கம்: சிகாகோ சவுத் சைடில் மூன்று மரணங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

சிகாகோவின் தென்பகுதியை அங்குள்ளவர்கள் சவுத் சைடு என்பார்கள். துப்பாக்கிச் சாவு என்று பேச்சு வந்தாலே அமெரிக்க அரசியல்வாதிகள் சுட்டிக்காட்டும் இடம் அது. அந்தப் பேச்சில் எண்ணிக்கை வரும், கும்பல்களின் பெயர் வரும். செத்துப்போன பிள்ளையோடு முந்தின நாள்வரை ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த, ஒரே மைதானத்தில் ஆடிய பிள்ளைகள் மட்டும் வரமாட்டார்கள். இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது.

1984, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று கொலைகளை எடுத்துக்கொள்கிறேன். இறந்தவர்களின் வயது 17, 18, 15. மூன்றிலும் நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. முதல் நிகழ்வில் ஒரு சட்டை எண்ணைத் தலைமுறை தாண்டிச் சுமந்தார்கள். இரண்டாவதில் ஒரு பெரிய மருத்துவமனையோடு மோதி, மூடிய கதவைத் திறக்கவைத்தார்கள். மூன்றாவதில் ஒரு நிறத்தை நாடு முழுக்க உடுத்தவைத்தார்கள். அந்த ஊரில் எது மாறியிருக்கிறதோ, அதில் பெரும்பங்கு இந்தப் பிள்ளைகளின் துக்கத்துக்கு உண்டு என்பது என் கருத்து. அந்தத் துக்கத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை என்பது என் ஆதங்கம்.

பென் வில்சன், 1984

சவுத் சைடு முழுவதும் ஒரே சேரி என்று நினைத்துவிடக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி தொடங்கி, தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி இங்கே வந்தார்கள். இறைச்சித் தொழிற்சாலைகளிலும் இரும்பு ஆலைகளிலும் வேலை கிடைத்தது. ஆனால் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம், எதைத் தாண்டக் கூடாது என்று வங்கிகளும் வீட்டுப் பத்திரங்களும் கோடு போட்டுவைத்தன. அதனால் வாத்தியாரும் பஸ் ஓட்டுநரும் வேலை இல்லாதவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ வேண்டியிருந்தது. 1980இல் விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை மூடப்பட்டது. அதைவிடப் பெரிய சவுத் வொர்க்ஸ் ஆலை ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து 1992இல் முழுவதுமாக நின்றது. அப்பாக்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பென் வளர்ந்தான்.

அவன் வளர்ந்த சாத்தம், சொந்த வீடும் வெட்டிய புல்வெளியும் வைத்திருந்த நடுத்தரக் கறுப்பினக் குடும்பங்களின் பகுதி. அம்மா மேரி வில்சன் நர்ஸ். மற்றவர்கள் அவனை பெஞ்சி என்று கூப்பிட்டார்கள். நாட் கிங் கோல் பூங்காவின் பாஸ்கெட்பால் களத்தில் ஆடி ஆடிப் பழகியவன். படித்தது சிமியன் தொழிற்கல்விப் பள்ளியில். அந்தப் பள்ளியின் கட்டடம் ஒரு மளிகை நிறுவனத்தின் பழைய கிடங்கு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து, பாப் ஹேம்ப்ரிக் என்ற கண்டிப்பான பயிற்சியாளரின் கீழ், 1984 மார்ச்சில் அந்த அணி இல்லினாய் மாநிலக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றது எவன்ஸ்டன் அணி.

பென்னின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆறடி எட்டு அங்குல உயரம். ஆனால் கூடைக்குக் கீழே மட்டும் நிற்கிற ஆள் இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு களம் முழுக்க வருவான், மற்றவர்களுக்கு வழி பார்த்துக் கொடுப்பான், தூரத்திலிருந்து எறியவும் செய்வான். பள்ளியில் படித்த சில ஆண்டுகளுக்குள் கிடுகிடுவென உயர்ந்தவன் என்பதால், குள்ளமாக இருந்தபோது கற்ற பந்துக் கட்டுப்பாடு உயரமான பிறகும் கையில் தங்கிவிட்டது. திறமை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற ஒன்றுக்குப் பின்னால் இப்படி ஒரு தற்செயலும் பல ஆண்டு உழைப்பும் சேர்ந்திருக்கும். 1984 கோடையில் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் நடந்த முகாமில் நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் கூடினார்கள். அது முடிந்தபோது பென் அமெரிக்காவின் முதல் இடத்துப் பள்ளி ஆட்டக்காரன். சிகாகோவில் வேறு எந்தப் பையனுக்கும் அதுவரை அந்த இடம் கிடைத்ததில்லை. கடைசி ஆண்டுப் பருவத்தின் முதல் ஆட்டம் நவம்பர் 21ஆம் தேதி என்று குறித்தாகிவிட்டது.

முந்தின நாள், நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை. மதிய இடைவேளையில் பள்ளிக்கு அருகில், வின்சென்ஸ் அவென்யூவில் தன் தோழியோடு பேசிக்கொண்டே நடந்து போனான். அவர்களுக்குச் சில வாரங்களே ஆன ஓர் ஆண் குழந்தை இருந்தது. எதிரே இரண்டு பையன்கள். ஒருவனுக்கு 16 வயது, இன்னொருவனுக்கு 15. நடைபாதையில் தோள் இடித்தது. வாக்குவாதம் ஆனது. பதினாறு வயதுக்காரனிடம் துப்பாக்கி இருந்தது. இரண்டு முறை சுட்டான்.

பணம் பறிக்கும் முயற்சி என்று அரசுத் தரப்பு வழக்கு நடத்தியது. சுட்டவர் பின்னாளில் தொடர்ந்து மறுத்துவந்தார். இடித்ததும் வாய்த்தகராறும்தான் காரணம் என்பது அவர் தரப்பு. எது உண்மையாக இருந்தாலும், மூன்று பள்ளி வயதுப் பையன்களும் ஒரு துப்பாக்கியும் ஒரே நடைபாதையில் இருந்தார்கள். துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால் அன்று மாலை யாருக்காவது உதடு கிழிந்திருக்கும், அதோடு போயிருக்கும்.

இருவரையும் பெரியவர்களாகக் கருதி விசாரித்தார்கள். சுட்டவனுக்கு 40 ஆண்டு. கூட நின்ற 15 வயதுப் பையனுக்கு 30 ஆண்டு. இந்த இரண்டாவது தண்டனையை நான் எளிதில் கடந்துபோக முடியாமல் இருக்கிறேன். துப்பாக்கியை அவன் அழுத்தவில்லை. நண்பனோடு நடந்தான், அவ்வளவுதான் அவன் வாழ்க்கையை முடிவு செய்தது என்று சொன்னால் இறந்தவனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். வழக்கில் அவன்மேல் வேறு குற்றச்சாட்டும் இருந்தது. ஆனாலும் பதினைந்து வயதில் யாரோடு நடக்கிறோம் என்பது எவ்வளவு கனமான விஷயம் என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகச் சொல்லும் வழக்கு எனக்குத் தெரியவில்லை. நட்பு ஒரு பக்கம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. இன்னொரு பக்கம் அதே நட்புதான் அவர்களைத் தகராறின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சுட்டவர் ஏறத்தாழ 20 ஆண்டு சிறையில் இருந்து வெளியே வந்தார். அதன்பின் சிறையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு வேலை தேடித்தரும் பணியைச் செய்தார்.

பென் சுடப்பட்ட இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைய வழக்கப்படி அருகிலிருந்த மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். அங்கே இப்படிப்பட்ட காயங்களுக்கென்று இரவும் பகலும் தயாராக இருக்கும் அறுவை சிகிச்சைக் குழு இல்லை. கத்தி வைக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. மறுநாள் காலை அவன் இறந்தான்.

உடனே அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பானா? ஈரலிலும் பெருந்தமனியிலும் பட்ட காயம் என்பதால் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவனுடைய அம்மா. அவர் நர்ஸ். தாமதம் என்றால் என்ன என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஆட்டம்

நவம்பர் 21 அன்று பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் கூடினார்கள். மகன் இறந்து சில மணி நேரமே ஆன நிலையில் மேரி வில்சன் அவர்கள் முன் நின்று நிதானமாகப் பேசினார். அன்று மாலையே சிமியன் அணி ஆடியது. எதிரணி அதே எவன்ஸ்டன். சிமியன் வென்றது.

இதை வீரம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையன்களுக்கு அன்று வேறு என்ன தெரியும்? பெரியவர்களுக்கும் அழுகிற பையன்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையில் பந்தைக் கொடுத்தார்கள். சில பிள்ளைகளுக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம், அடுத்த மாதம், பென் நின்ற இடத்தில் வேறொருவன் நிற்பதைப் பார்க்கும் அந்த 16 வயதுக்காரனோடு யார் உட்கார்ந்து பேசினார்கள்? 1984இல் அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கான ஏற்பாடு அரிது. இறுதிச் சடங்கில் கறுப்பின மக்களின் உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் பேசினார், ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று உடலைப் பார்த்தார்கள். ஊருக்கே பொதுவான துக்கம் ஆகிவிட்டது. அப்படி ஆகும்போது நெருங்கிய நண்பர்களின் துக்கம் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது.

25 என்ற எண்

பென் அணிந்த எண் 25. நிக் ஆண்டர்சன் என்ற நண்பன் நகரத்தின் வேறு பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தான். கடைசி ஆண்டு சிமியனுக்கு மாறி வந்து, 25ஐ அணிந்தான். 1986இல் இல்லினாய் மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரன் விருது கிடைத்தது. பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் அதே எண். 1989இல் அந்த அணி கல்லூரி அரையிறுதி வரை போனது. அந்த ஆண்டே என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கின் புதிய அணியான ஆர்லாண்டோ மேஜிக் தன் வரலாற்றின் முதல் தேர்வாக அவரை எடுத்தது. பத்து ஆண்டு அங்கே ஆடினார், 25ஐ விடவில்லை.

ஆண்டர்சன் பெயரைச் சொன்னால் விளையாட்டு ரசிகர்களுக்கு இரண்டு நினைவு வரும். 1995 ப்ளே ஆஃப் தொடரில், ஓய்விலிருந்து திரும்பிய மைக்கேல் ஜோர்டானின் கையிலிருந்து பின்னால் வந்து பந்தைத் தட்டி எடுத்தது ஒன்று. அடுத்த சில வாரத்தில், இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், கடைசி நொடிகளில் தொடர்ச்சியாக நான்கு ஃப்ரீ த்ரோக்களை, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியக் கிடைக்கும் வாய்ப்புகளை, தவறவிட்டது இன்னொன்று. ஒன்று விழுந்திருந்தாலும் ஆர்லாண்டோ அந்த ஆட்டத்தை வென்றிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஹூஸ்டன் கூடுதல் நேரத்தில் வென்றது, தொடரையும் 4–0 என்று வாரிக்கொண்டு போனது. அதன்பின் ஆண்டர்சனின் ஃப்ரீ த்ரோ சரிந்து, 1996–97 பருவத்தில் நூற்றுக்கு நாற்பது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் நண்பனின் சாவோடு நேரடியாக முடிச்சுப் போட மாட்டேன். அது மலிவான உளவியல். ஆனால் இதைச் சொல்லாமல் விடவும் மனம் இல்லை. இறந்த நண்பனின் எண்ணை அணிந்தவன் தனக்காக மட்டும் ஆட முடியாது. ஜெயித்தால் இருவரும் ஜெயித்தார்கள் என்பார்கள். நான்கு முறை தவறவிட்ட ராத்திரியில் தோல்வி ஒருவனுக்குத்தான். பென்னுக்கு எப்போதும் 17 வயது, எப்போதும் நாட்டின் முதலிடம். அவன் எந்த ஃப்ரீ த்ரோவையும் இனித் தவறவிடப் போவதில்லை. உயிரோடு இருப்பவன்தான் வயதாகி, தவறு செய்து, வசை வாங்கி, மறுநாளும் களத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இறந்த நண்பனைச் சுமப்பவர்களின் வாழ்க்கையில் நாம் பார்க்கத் தவறும் இடம் இது என்று நினைக்கிறேன்.

சிமியனில் 25 கைமாறிக்கொண்டே வந்தது. எங்கிள்வுட் பகுதியில் வளர்ந்த டெரிக் ரோஸ் அதை அணிந்து 2006, 2007 இரண்டு ஆண்டும் மாநிலக் கோப்பையை வென்று கொடுத்தார். 2008இல் என்.பி.ஏ. அணியான சிகாகோ புல்ஸ் அவரை அந்த ஆண்டின் முதல் தேர்வாக எடுத்தது. 2011இல் 22 வயதில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே இளம் வயதில் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்றார். பென் இறந்தபோது ரோஸ் பிறக்கவே இல்லை. பார்த்தே இராத ஒருவனை அண்ணனாக ஏற்றுக்கொண்ட பையன்கள் அந்தப் பள்ளியில் நிறையப் பேர். சட்டை எண்ணின் பலம் அது: பெயரை உயிரோடு வைத்திருக்கும். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதனால் மாற்ற முடியாது.

ஆம்புலன்ஸ் போன தூரம்

ட்ராமா மையம் என்பது சாதாரண அவசரப் பிரிவு அல்ல. அறுவை நிபுணர், மயக்க மருந்து மருத்துவர், ரத்தம், அறுவை அரங்கம் எல்லாம் நாள் முழுவதும் தயாராகக் காத்திருக்கும் இடம். ரத்தம் வெளியேறிக்கொண்டிருக்கும் உடலுக்கு நிமிடங்கள்தான் கணக்கு. இதை உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் சிகாகோவும் ஒன்று. அமெரிக்காவின் முதல் தனி ட்ராமா பிரிவுகளில் ஒன்று 1966இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில்தான் தொடங்கியது. அதே ஊரில், 18 ஆண்டு கழித்து, நாட்டின் முதலிடத்து ஆட்டக்காரன் சுடப்பட்டபோது ஆம்புலன்ஸ் அருகில் எது இருக்கிறது என்று மட்டும் பார்த்தது.

அவன் சாவு எழுப்பிய சத்தம் பெரியது. 1986இல் சிகாகோவில் ட்ராமா வலையமைப்பு நடைமுறைக்கு வந்தது. பெரிய காயம் என்றால் அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டி, தகுதியுள்ள மையத்துக்கே போக வேண்டும் என்று ஆனது. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையும் அதில் சேர்ந்தது. ஆனால் துப்பாக்கிக் காயத்தோடு வருபவர்களில் பலருக்குக் காப்பீடு கிடையாது. நஷ்டம் என்று சொல்லி 1988இல் அந்த மருத்துவமனை பெரியவர்களுக்கான ட்ராமா பிரிவை மூடியது. குழந்தைகளுக்கானதை மட்டும் வைத்துக்கொண்டது. 1991இல் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையும் விலகியது. அதோடு சவுத் சைடில் பெரியவர்களுக்கு உயர்நிலை ட்ராமா மையம் ஒன்றுகூட இல்லை. நகரத்திலேயே துப்பாக்கிக் காயம் அதிகம் நடக்கும் பகுதிக்கு இந்த நிலை. அப்படியே 27 ஆண்டு ஓடியது.

டேமியன் டர்னர், 2010

டேமியன் டர்னரின் திறமைக்குத் தரவரிசை கிடையாது. அவனுக்குத் தெரிந்தது ஆட்களைக் கூட்டுவது. உட்லான் பகுதியில் ஏழைகள் குடியிருந்த அடுக்குமாடித் தொகுப்பைக் காப்பாற்றும் போராட்டத்தில் சிறுவனாகவே சேர்ந்தான். பிறகு நண்பர்களோடு சேர்ந்து ‘ஃபியர்லெஸ் லீடிங் பை த யூத்’ என்ற இளைஞர் குழுவைத் தொடங்கினான். சுருக்கமாக ஃப்ளை. சிறார் காவல் இல்லத்தில் பிள்ளைகள் நடத்தப்படும் விதத்தை எதிர்த்து அந்தக் குழு குரல் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் அரசு அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது சின்ன விஷயமல்ல. அதைச் செய்யவைக்கத் தெரிந்த பையனை நான் பென்னுக்குக் குறைந்தவனாக நினைக்கவில்லை.

2010 ஆகஸ்டில், 61ஆம் தெருவும் காட்டேஜ் குரோவும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, ஓடும் காரிலிருந்து வேறு யாருக்கோ வைத்த குறி அவன்மேல் பட்டது. வயது 18. அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை சில தெருக்கள்தான். ஆனால் அங்கே ட்ராமா சிகிச்சை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும். ஆம்புலன்ஸ் நகரத்தின் மையப்பகுதியைத் தாண்டி, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனைக்குப் போனது. டேமியன் பிழைக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். அவன் தாயாரோடு சேர்ந்து, ஃப்ளை நண்பர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: பக்கத்தில் இருந்த மருத்துவமனை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அவர்களுக்கு 15, 16, 17 வயது. எதிரில் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம். நிர்வாகத்தின் பதிலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ட்ராமா பிரிவு நடத்த பெரும் செலவாகும், தீக்காயப் பிரிவும் குறைப்பிரசவக் குழந்தைகள் பிரிவும் பாதிக்கப்படும், ஒரே மருத்துவமனை எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்றார்கள். ஆனால் அதே காலத்தில் சுமார் 70 கோடி டாலர் செலவில் புதிய மருத்துவமனைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அந்தக் கட்டடத்தைக் காட்டினார்கள். வேறு வாதம் தேவைப்படவில்லை.

இந்தப் பிள்ளைகள் செய்ததைப் பார்க்கும்போது எனக்குப் பிரமிப்பு வருவது அவர்களின் பொறுமையைக் கண்டுதான். ஊர்வலம், சவப்பெட்டி சுமந்த போராட்டம், மருத்துவ மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது, மதகுருமார்களைச் சேர்த்துக்கொள்வது என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2013 ஜனவரியில் புதிய கட்டடத்துக்குள் உட்கார்ந்தபோது போலீஸ் இழுத்துப்போட்டுச் சிலரைக் கைது செய்தது. அந்த ஆண்டே ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகாகோவில் பத்தாண்டுக் காலத்தில் சுடப்பட்ட 11,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து, ட்ராமா மையத்திலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் சுடப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று சொன்னது. பிள்ளைகள் மூன்று ஆண்டாகத் தெருவில் நின்று சொன்னது எண்ணாக வந்தது. ஒபாமா நூலகத்தை அந்தப் பகுதிக்குக் கொண்டுவரப் பல்கலைக்கழகம் முயன்றபோது, அதையும் பிடித்துக்கொண்டார்கள்: நூலகம் வேண்டுமானால் முதலில் ட்ராமா மையம்.

2014 இறுதியில் நிர்வாகம் ஒரு படி இறங்கி, குழந்தைகள் பிரிவின் வயது வரம்பை 16இலிருந்து 18 ஆக்குவதாக அறிவித்தது. கணக்குப் பாருங்கள்: 18 வயது நிரம்பியிருந்த டேமியன் அப்போதும் வெளியேதான். நண்பர்கள் போராட்டத்தை நிறுத்தவில்லை. 2015 ஜூனில் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து உள்ளே பூட்டிக்கொண்டவர்களை வெளியேற்றத் தீயணைப்புத் துறை வர வேண்டியதாயிற்று. செப்டம்பரில், வேறொரு மருத்துவமனையோடு சேர்ந்து மேற்கே ஒரு மையம் என்று திட்டம் அறிவித்தார்கள். டிசம்பரில் அதையும் மாற்றி, தங்கள் வளாகத்திலேயே என்று ஒப்புக்கொண்டார்கள். 2018 மே 1 அன்று மையம் திறந்தது. டேமியன் இறந்தபோது பள்ளியில் இருந்த நண்பர்கள் அதற்குள் இருபதுகளின் நடுவில் இருந்தார்கள்.

ஹாடியா பெண்டில்டன், 2013

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்னே சொன்னவற்றோடு வைத்துப் பார்க்கத்தான். ஹாடியாவுக்கு 15 வயது. கிங் காலேஜ் ப்ரெப் பள்ளியில் படித்தாள். அணிவகுப்பில் கோல் சுழற்றி ஆடுபவள். 2013 ஜனவரியில் ஒபாமா இரண்டாம் முறை பதவியேற்றபோது நடந்த நிகழ்ச்சிகளில் பள்ளிக் குழுவோடு வாஷிங்டன் போய் ஆடிவிட்டு வந்தாள். அடுத்த வாரம், ஜனவரி 29, தேர்வு முடிந்து தோழர்களோடு பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஷ் பூங்காவில் மழைக்கு ஒதுங்கி நின்றாள். எதிர்க் கும்பல் என்று தவறாக நினைத்து ஒருவன் அந்தக் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். மருத்துவமனை உள்ளிருப்புப் போராட்டம் நடந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

ஹாடியாவின் வயதுக்கு ட்ராமா சிகிச்சை அருகிலேயே இருந்தது. அங்கேதான் கொண்டுபோனார்கள். அப்படியும் பிழைக்கவில்லை. அதனால் தூரம் ஒன்றே எல்லாவற்றுக்கும் பதில் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டா உடலுக்குள் போன பிறகு மிகச் சிறந்த மருத்துவமனையும் பாதி வழியில்தான் எதிர்கொள்கிறது.

அவளோடு அந்தக் கூரையின் கீழ் நின்றவர்களும் வகுப்புத் தோழர்களும் ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். காட்டில் வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க அணியும் நிறம் அது. ‘நான் இங்கே இருக்கிறேன், சுடாதே’ என்று சொல்லும் நிறம். ஊர்த்தெருவில் நடக்கும் பிள்ளை வேட்டைக்காட்டு உடுப்பைப் போட வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவள் பிறந்த நாளான ஜூன் 2, 2015இலிருந்து துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் அனுசரிக்கப்படுகிறது. இது பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்த யோசனை. எந்த விளம்பர நிறுவனமும் தந்ததல்ல.

நண்பனின் இடம்

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒரு பிள்ளை கொல்லப்பட்டால் போலீஸ் பெற்றோருக்குத் தகவல் சொல்கிறது. மருத்துவர் குடும்பத்தோடு பேசுகிறார். இழப்பீடு இருந்தால் குடும்பத்துக்கு. நீதிமன்றத்தில் பேச அழைத்தால் குடும்பத்தை. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் நாளில் பெரும்பகுதி நண்பர்களுக்குள்ளே கழிகிறது. சுடப்பட்ட நேரத்தில் பக்கத்தில் நின்றதும் அவர்கள்தான், ஹாடியா விஷயத்தில் நடந்ததுபோல. போலீஸ் அவர்களைத் தேடுவது சாட்சி சொல்ல. வாக்குமூலம் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அதே நடைபாதையில் நடந்து போக வேண்டும்.

அந்தத் துக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் அது சும்மா கிடக்காது. பழிவாங்கக் கிளம்பும் பையன்களும் பெரும்பாலும் யாரோ ஒருவனின் நண்பர்கள்தான். சிகாகோவில் ஒரு கொலை அடுத்த கொலைக்கு விதையாவது இப்படித்தான் என்று அந்தப் பகுதியில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஃப்ளை பிள்ளைகளுக்கு ஒரு நல்ல விஷயம் அமைந்திருந்தது: டேமியன் இறப்பதற்கு முன்பே அவன் உருவாக்கிய குழு அவர்களிடம் இருந்தது. கூடுவதற்கு ஓர் அறை, வழிகாட்ட அனுபவமுள்ள பெரியவர்கள், எதிர்த்துக் கேட்பதற்கு ஒரு முறை, எல்லாம் கையில் இருந்தன. 1984இல் சிமியன் பையன்களுக்கு ஒரு பந்துதான் இருந்தது. இரு தரப்பின் அன்பிலும் ஏற்றத்தாழ்வு கிடையாது. கையில் இருந்ததுதான் வேறு.

புதிய ட்ராமா மையத்தோடு வன்முறையிலிருந்து மீளுதவி செய்யும் திட்டம் ஒன்றையும் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை தொடங்கியது. காயத்தோடு வந்தவரையும் குடும்பத்தையும் படுக்கை அருகிலேயே சந்தித்து, வீடு, வேலை, மனநலம், பாதுகாப்பு என்று தொடர்ந்து உடன் நிற்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். இதில் நண்பர்களையும் சேர்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்விலிருந்து நான் எடுக்கும் முடிவு. மருத்துவமனை வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தாலே பெயர்கள் கிடைத்துவிடும். பள்ளிகளும் இறந்த மாணவனின் வகுப்புக்குப் பொதுவாக ஒரு கூட்டம் நடத்துவதோடு நிற்காமல், அவனோடு தினமும் மதியம் உட்கார்ந்தவர்கள் யார் என்று கேட்டு, அந்த நான்கைந்து பேரை ஓர் ஆண்டாவது பெயர் சொல்லிக் கவனிக்க வேண்டும். ஒரு வாரத்தில் துக்கம் முடிந்துவிடும் என்ற கணக்கு பிள்ளைகள் விஷயத்தில் சரிப்படாது. நிக் ஆண்டர்சன் 25ஐ அணிந்தது ஒரு பருவத்துக்கு அல்ல.